ரப்பர் இலையில் பூ: மருந்தின் பெயர் கேட்டு வாங்குங்கள்



நம் மலாக்கா மாநிலத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் உள்ள சொந்தம் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகானில் இன்னும் பெரிய அளவில் நட்டார்கள். அந்த மரத்தின் பாலை நம்பித்தான் நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்தார்கள். பாலுக்கு விலை உண்டு. ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டு. மரம் கிழடானால் பலகைக்கும் விலை உண்டு. இலைக்கு மட்டும் விலை இல்லை என்று நினைத்திருந்தோம். அதற்கும் உண்டு.

ரப்பர் இலையின் சதையை நீக்கிவிட்டால் நரம்புகள் மட்டும் கொசுவலை போல மெல்லியதாக நிற்கும். அதை வெளுத்து, சாயம் தோய்த்து, கம்பியில் வைத்துக் கட்டினால் ரோஜாவும் ஆர்க்கிட் பூவும் ஆகிவிடும். மலாய்க்காரர்கள் இதைப் ‘பூங்கா டாவுன் கெத்தா’ என்பார்கள். தாய்லாந்திலும் இந்த வேலை உண்டு. கலியாண மேடைக்கும் வரவேற்பறைக்கும் ஏற்ற பூ. வாடுவதில்லை.

இன்று நம் மாநிலத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்குக் குடிபோன குடும்பங்களும் அநேகம். ஆனாலும் ஜாசின், அலோர் காஜா பக்கங்களில் சிறு தோட்டக்காரர்களின் ரப்பர் மரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. கேட்டால் இலையைப் பறித்துக்கொள்ள விடுவார்கள். வீட்டிலிருந்தபடி நாலு காசு சம்பாதிக்க விரும்பும் பெண்களுக்கு முதல் அதிகம் வேண்டாத தொழில் இது.

ஆனால் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “வாத்தியாரே, அதற்கு வேண்டிய மருந்தெல்லாம் எங்கே கிடைக்கும்?”

நல்ல கேள்வி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கடை பக்கத்தில்தான் இருக்கிறது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோலாலம்பூர் வரை போக வேண்டியதில்லை. பெரும்பாலும் நாம் வாரந்தோறும் போய்வரும் கடைத்தெருவிலேயே கிடைக்கும். கிடைக்கவில்லை என்று திரும்பி வருகிறவர்கள், கடை தெரியாததால் அல்ல, பெயர் தெரியாததால் திரும்பி வருகிறார்கள்.

நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. புல்லுக்குத் தெளிப்பதும் மருந்து. துணி வெளுப்பதும் மருந்து. கடைக்காரரிடம் போய் “சோடா மருந்து கொடுங்கள்” என்றால் அவர் எதைக் கொடுப்பார்? சோடா என்ற பெயரில் மூன்று பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆப்பத்துக்கும் கேக்குக்கும் போடும் சமையல் சோடா. இதன் முறையான பெயர் சோடியம் பைகார்பனேட். சாதுவானது. இலையின் சதையைக் கரைக்க இதனால் ஆகாது.

இரண்டாவது, சலவைச் சோடா. முறையான பெயர் சோடியம் கார்பனேட். மலாயில் ‘சோடா அபு’ என்பார்கள். நம் வேலைக்கு வேண்டியது இதுதான். கையை உறுத்தும், கண்ணில் பட்டால் எரியும். எச்சரிக்கையோடு கையாளலாம்.

மூன்றாவது, காஸ்டிக் சோடா. முறையான பெயர் சோடியம் ஹைட்ராக்சைடு. மலாயில் ‘சோடா அப்பி’, அதாவது நெருப்புச் சோடா. பெயரே எச்சரிக்கை. தோலையும் சதையையும் அரித்துவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இதன் விற்பனையைக் கட்டுப்படுத்த 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டத்தின் கீழ் 1962-இல் தனி விதிகளே செய்திருக்கிறார்கள். இலை சீக்கிரம் வெந்துவிடும் என்று சிலர் இதை வாங்கச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்கிறேன். ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்பதற்காகக் கண்ணைப் பணயம் வைக்கலாமா?

மூன்றும் வெள்ளைத் தூளாகவோ வெள்ளைச் சில்லாகவோ இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பெயரால்தான் பிரிக்க முடியும்.

பழைய தொழிலாளிகளின் படிப்பு

மலாக்கா பட்டணத்தில் ஜாலான் துக்காங் எமாஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. தட்டார் தெரு என்று பொருள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. அதையொட்டி ஜாலான் துக்காங் பெசி, கொல்லர் தெரு.

நகைத் தொழில் செய்தவர்கள் வெங்காரம், நவச்சாரம், படிகாரம், வெடியுப்பு என்று ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி வாங்கினார்கள். பற்றவைக்க வெங்காரம், மெருகேற்ற இன்னொன்று, அழுக்கெடுக்கப் பூந்திக்கொட்டை என்று எது எதற்கு என்பதைத் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மகன் கற்றுக்கொண்டான். எதைக் கையால் தொடலாம், எதன் புகையை முகரக்கூடாது என்பதும் அந்தப் படிப்பில் சேர்ந்தது.

நமக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லித்தர ஆளில்லை. பாட்டிலில் ஒட்டிய சீட்டுத்தான் நமக்கு ஆசான். அதைப் படிக்காமல் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதற்குச் சமம்.

மருந்துக்கும் அடையாள எண் உண்டு

சீட்டில் எதைப் பார்ப்பது? நம் ஒவ்வொருவருக்கும் அடையாளக் கார்டு எண் இருக்கிறதல்லவா? ஒரே ஊரில் நாலு முனியம்மா இருந்தாலும் எண் வேறு வேறு. அதுபோல் உலகத்தில் உள்ள இரசாயனப் பொருள் ஒவ்வொன்றுக்கும் சி.ஏ.எஸ். எண் என்று ஒன்று உண்டு. கடைப்பெயர் மாறலாம், மொழி மாறலாம், எண் மாறாது. சலவைச் சோடாவின் எண் 497-19-8. காஸ்டிக் சோடாவின் எண் 1310-73-2. சமையல் சோடாவின் எண் 144-55-8. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரியிடம் வாங்கும்போதும் தபாலில் தருவிக்கும்போதும் எண்ணைக் காட்டிக் கேட்டால் வேறு பொருள் வந்து சேராது.

அடுத்து, சிவப்புக் கோட்டால் ஆன சாய்சதுரப் படங்களைப் பாருங்கள். கையையும் இரும்பையும் திரவம் அரிப்பது போன்ற படம் இருந்தால் அது அரிக்கும் பொருள். தீச்சுடர் இருந்தால் எளிதில் பற்றிக்கொள்ளும். மண்டையோடு இருந்தால் விஷம். தொழிலுக்கென்று அபாயகரமான இரசாயனம் விற்கும் வியாபாரி இத்தகைய சீட்டு ஒட்டவேண்டும், பாதுகாப்பு விவரத் தாளும் தரவேண்டும் என்று 2013-இல் நம் நாட்டில் விதி வந்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. “அதெல்லாம் எதற்கு, நான் சொல்கிறேன்” என்பவரிடம் வாங்காமல் வந்துவிடுங்கள்.

எந்த வேலைக்கு எந்தக் கடை?

இனி வேலை வரிசைப்படியே சொல்கிறேன்.

முற்றிய பச்சை இலையாகப் பறியுங்கள். துளிர் இலை கிழிந்துபோகும். புள்ளி விழுந்த இலையும் ஓட்டை இலையும் உதவா. ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்ந்து புது இலை வரும் மாதங்களில், அது முற்றும்வரை பொறுத்திருங்கள்.

மருந்தே இல்லாமல் சதையை நீக்கும் வழியும் உண்டு. இலையைத் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறப்போட்டால் சதை தானே அழுகிவிடும். நாற்றம் இருக்கும். தண்ணீரை அடிக்கடி மாற்றவேண்டும். பீப்பாயைத் துணியால் இறுக மூடிக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். வீட்டில் கொசு வளர விட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

அவசரமென்றால் சலவைச் சோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 100 கிராம் போட்டு, சிறு தீயில் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் வேண்டும். அலுமினியச் சட்டி கூடாது, சோடா அலுமினியத்தை அரித்துவிடும். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கவும் கூடாது. சதை நெகிழ்ந்ததும் இலையை நல்ல தண்ணீரில் அலசி, தட்டையான பலகையில் வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டித் தேய்த்தால் சதை போய் நரம்பு நிற்கும்.

சலவைச் சோடா மளிகைக் கடையில் இல்லாவிட்டால் பாத்தேக் சாமான் விற்பவரிடம் கேளுங்கள். சாயம் துணியில் பிடிக்கவும், மெழுகை எடுக்கவும் அவர்களுக்கு இது வேண்டும். நீச்சல் குளத்துக்கு வேண்டிய பொருள்கள் விற்கும் கடையிலும் இருக்கும். குளத்துத் தண்ணீரின் காரத்தை உயர்த்துவதற்கு இதே சோடாதான். அங்கே வேறு பெயர் போட்டிருப்பார்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து வெளுத்தல். துணி வெளுக்கும் நீர் எல்லா மளிகைக் கடையிலும் இருக்கிறது. முறையான பெயர் சோடியம் ஹைப்போகுளோரைட். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் போதும். இலை வெளுத்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். அதிக நேரம் கிடந்தால் நரம்பே இற்றுப்போகும். இதை மலிவாகக் கிடைக்கிறதென்று பீப்பாய் பீப்பாயாக வாங்கிச் சேர்க்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மாதங்கள் போகப் போக அதன் வீரியம் குறைந்துவிடும். கைக்கு ரப்பர் உறையும், கண்ணுக்குக் கண்ணாடியும், திறந்தவெளியும் கட்டாயம்.

வெளுத்த இலையில் மிச்சமிருக்கும் குளோரின், சாயத்தையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். அதை நீக்கச் சோடியம் தயோசல்பேட் வேண்டும். பெயரைக் கேட்டு மலைக்காதீர்கள். முன்காலத்துப் போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று சொன்னார்களே, அதுதான். இப்போது மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை எடுத்து மீனைக் காப்பாற்ற விற்கும் கண்ணாடிச் சில்லுப் பொட்டலம் பெரும்பாலும் இதுவே. இலையைத் தண்ணீரில் நன்றாக அலசியபிறகு, இந்தச் சில்லு ஒரு சிட்டிகை கரைத்த தண்ணீரில் முக்கி, மறுபடி அலசுங்கள்.

பிறகு சாயம். இலை நரம்பு பருத்தியைப் போன்ற நார்ப்பொருள். ஆகவே பருத்திக்கு ஆகும் சாயம் இதற்கும் ஆகும். பலகாரத்துக்குப் போடும் கலர் பிடிக்காது, தண்ணீர் பட்டால் வடிந்துவிடும். பாத்தேக் சாயம் சிறந்தது. கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் பாத்தேக் தொழிலுக்குப் பேர்போனவை. அங்குள்ள சாய வியாபாரிகளிடம் சிறு பொட்டலமாகத் தபாலில் தருவிக்கலாம். சாயத் தூளைக் காற்றில் பறக்கவிட்டுக் கலக்காதீர்கள். நாளடைவில் மூச்சிரைப்பைக் கொண்டுவரும். வாயையும் மூக்கையும் மூடும் கவசம் போட்டுக்கொண்டு கலக்குங்கள்.

இலை நொறுங்காமல் மென்மையாக இருக்கக் கடைசி அலசலில் சிறிது கிளிசரின் சேர்க்கலாம். அது மருந்துக் கடையிலும், கேக் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும். பூவுக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் ஹார்ட்வேர் கடையில் நிறமற்ற வார்னிஷ் ஸ்பிரே வாங்கலாம். அதை அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகில் அடிக்கக்கூடாது. வெளியே காற்றோட்டத்தில் அடியுங்கள்.

பார்த்தீர்களா? மளிகைக் கடை, மீன்தொட்டிக் கடை, மருந்துக் கடை, ஹார்ட்வேர் கடை, பாத்தேக் சாமான் கடை. ஐந்து கடையில் நம் தொழில் முடிந்துவிட்டது.

ரப்பர்க் குடும்பத்துக்கே உரிய ஆபத்து

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். தயவுசெய்து வீட்டில் உள்ள எல்லாரும் கேட்கும்படி வாசியுங்கள்.

பட்டணத்து வீடுகளில் அவ்வளவாக இல்லாத இரண்டு பொருள்கள் பால் எடுக்கும் குடும்பங்களில் இருக்கக்கூடும். ஒன்று, பால் உறைய ஊற்றும் பார்மிக் திராவகம். மலாயில் ‘சூக்கா கெத்தா’ என்பார்கள். மற்றொன்று, பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா. இரண்டும் ஸ்டோருக்கு உரியவை. வீட்டுக்கு உரியவை அல்ல.

வெளுக்கும் நீரில் திராவகம் எதுவாயினும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-இல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரே என்னும் ஊரருகே ஜெர்மன் படை எதிரிகள்மேல் திறந்துவிட்ட நச்சுப்புகை இந்தக் குளோரின்தான். அதே வெளுக்கும் நீரில் அம்மோனியா கலந்தாலும் வேறொரு நச்சுப்புகை வரும். குளியலறை போன்ற மூடிய இடத்தில் ஒரு வாளியில் இது நடந்தாலே நுரையீரல் வெந்துபோகப் போதும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பால் திராவகம் கலக்கிய வாளியைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே வெளுக்கும் நீரை ஊற்றினார் ஓர் அம்மா. பச்சையும் மஞ்சளுமாக ஆவி எழும்பியது. கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, வாசலுக்கு ஓடிவந்து விழுந்தார். பக்கத்து வீட்டார் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதால் பிழைத்தார். அவர் செய்தது பெரிய குற்றமா? வாளி ஒன்றுதானே என்று நினைத்தார், அவ்வளவுதான். ஆகவே வெளுப்பதற்குத் தனி வாளி வையுங்கள். அதன்மேல் பெயர் எழுதுங்கள். சோடாவின் காரத்தை முறிக்கக் காடி ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காடியும் திராவகம்தான். வெளுத்த இலைக்கு நிறையத் தண்ணீரும் மேலே சொன்ன சில்லும் போதும்.

இன்னொரு ஆபத்து பாட்டிலில் இருக்கிறது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் குடிநீர் பாட்டிலிலும் சிரப் பாட்டிலிலும் திராவகத்தையோ வெளுக்கும் நீரையோ ஊற்றி வைப்பது சிக்கனம் ஆகாது. பார்மிக் திராவகம் தண்ணீரைப் போலவே இருக்கும். பள்ளிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை பாட்டிலைத்தான் பார்க்கும். கேரளத்தின் ரப்பர் விளையும் வட்டாரங்களில் இத்திராவகம் வயிற்றில் போய் உயிருக்குப் போராடியவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாங்கிய பாட்டிலிலேயே, சீட்டோடு, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

தப்பித்தவறித் தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவுங்கள். எண்ணெயோ பற்பசையோ பூசாதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது தொண்டையைச் சுட்டது, திரும்பும்போது மறுபடி சுடும். 999-க்குக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கு முதலில் வேண்டியது அதன் பெயர்தான். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய விஷ மையமும் டாக்டர்களுக்கு இத்தகைய தகவலைத் தருகிறது.

கூட்டாக வாங்கலாம்

மொத்த வியாபாரியிடம் சலவைச் சோடா மலிவு. ஆனால் 25 கிலோ மூட்டையாகத் தருவார்கள். ஒரு வீட்டுக்கு அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஐந்தாறு வீட்டார் சேர்ந்தால் ஒரு மூட்டை சரியாக இருக்கும். பிரித்துக்கொள்ளும்போது ஒவ்வொரு டப்பாவிலும் பெயரையும் எண்ணையும் எழுதி ஒட்டிய பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். மருந்தைத் தொடும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

தொடங்கும்போது எல்லாவற்றிலும் சிறு பொட்டலமே வாங்குங்கள். இருபது இலையில் செய்துபார்த்துக் கை பழகியபின் பெரிதாக வாங்கலாம். செலவை ஒரு நோட்டில் எழுதிவந்தால் ஒரு கொத்துப் பூவுக்கு எத்தனை வெள்ளி அடக்கம் என்று தெரியும். அடக்கம் தெரியாமல் விலை சொல்பவர் நட்டப்படுவார். 1979-இல் அமைந்த மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகத்துக்கு மலாக்காவிலும் கிளை உண்டு. பயிற்சி பற்றியும் விற்பனை பற்றியும் அங்கே போய்க் கேளுங்கள். நம் வீட்டுப் பெண்கள் அந்த வாசலை மிதிக்கத் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக, கடைக்குப் புறப்படுமுன் இந்த நாலு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இதன் முறையான பெயர் என்ன? வீரியம் எவ்வளவு? எதோடு சேர்க்கக்கூடாது? ஆகக் குறைந்த அளவு எவ்வளவு தருவீர்கள்? நாலுக்கும் பதில் சொல்லும் கடைக்காரரே உங்கள் கடைக்காரர். அவர் இரண்டு காசு கூடச் சொன்னாலும் பரவாயில்லை, அவரிடமே வாங்குங்கள்.